ரன்வே முடிகிற இடத்தில் நம் கொல்லை

அன்புள்ள லோகு,

கல்யாணம் முடிந்து நீயும் ரேவதியும் ஏறிய அந்தக் குட்டி விமானம் நம் வேர்க்கடலைக் கொல்லைக்கு மேலேதான் எழும்பிப் போனது. உள்ளே வந்து வழியனுப்பச் சொன்னாய். நான் வரவில்லை, வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரேணிகுண்டாவிலிருந்து ரயிலில் போங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். "நம்ம ஊர்லயே ஏர்போர்ட்ட வச்சிகினு ரேணிகுண்டாவுக்கு எதுக்குமா போவணும்?" என்று சிரித்தாய். ஐதராபாத்தில் இறங்கி அங்கிருந்து பூனாவுக்கு வேறு விமானம், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்போம் என்றாய். இருந்திருப்பீர்கள். ஆனால் வாரத்தில் சில நாள் மட்டும் வந்து, பாதி இருக்கை காலியாகவே திரும்பிப் போகிற ஒரு விமானத்தை எதற்காக விடாமல் ஓட்டுகிறார்கள் என்று நீ ஒரு நாளாவது யோசித்திருக்கிறாயா? நான் யோசிக்காத நாள் இல்லை. ஆளே ஏறாத பஸ்ஸை நிறுத்திவிடுவார்கள். ஆளே ஏறாத விமானத்துக்கு ரன்வேயை நீட்டப் போகிறார்களாம்.

இதைப் போனில் சொல்லலாமே என்பாய். போனில் பேசினால் பக்கத்தில் உன் நைனா உட்கார்ந்துகொண்டு நடுநடுவே "விடுடி, விடுடி" என்பார். வாய்ஸ் மெசேஜ் போட்டால் அது எங்கே போய் யார் காதில் விழும் என்று யாருக்குத் தெரியும்? எனக்குக் காகிதம்தான் ஒத்துவரும். நீ தெலுங்கு மீடியத்தில் படித்தவன். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அலுத்துவிடுவாய். ரேவதி திருத்தணியில் அத்தை வீட்டில் தங்கித் தமிழில் படித்தவள். அவள் படிக்கட்டும், நீ கேள். ரேவதி, இதில் உன் நைனாவைப் பற்றி வருகிறது. உனக்குப் பிடிக்காததும் வருகிறது. எதையும் விட்டுவிட்டுப் படிக்காதே. லோகு, அவள் திடீரென்று வேகமாகப் படித்தால் நிறுத்தி, திரும்பப் படிக்கச் சொல்.

ஊரில் எனக்குச் சந்தேகக்காரி என்று பெயர் இருப்பது உனக்குத் தெரியும். அங்கன்வாடியில் வேலை பார்த்த காலத்தில் முட்டைத் தட்டு வந்தால் ஒவ்வொரு முட்டையையும் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துத்தான் இறக்குவேன். வண்டிக்காரன் என்னைப் பார்த்தாலே பெருமூச்சு விடுவான். ஆனால் நான் பிறக்கும்போதே இப்படி இல்லை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற ஒரு கம்பெனி நம் ஏரோட்ரோமுக்கு வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு பேர் மட்டும் உட்காருகிற விமானங்கள், தலைக்கு எண்ணெய் வைக்காத பையன்கள். அந்தக் கம்பெனிக்காரர்கள் வீடு வீடாக வந்து, சத்தத்துக்கு ஊரில் ஆட்சேபம் இல்லை என்று எழுதிய காகிதத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். "நல்ல பசங்களா கீறாங்கடி, தண்ணி குடுத்தா தேங்க்ஸ் சொல்றாங்க" என்று உன் நைனா போட்டார். நானும் போட்டேன். அடுத்த மாசம் வேலி வந்தது. மலையடி ஏரிக்குப் போகிற மாட்டுப் பாதை வேலிக்கு உள்ளே போய்விட்டது. கேட்கப் போனால், நீங்கள்தானே ஆட்சேபம் இல்லை என்று போட்டிருக்கிறீர்கள் என்று அதே காகிதத்தைக் காட்டினார்கள். சில வருஷத்தில் கம்பெனி போய்விட்டது, வேலி போகவில்லை. மாடுகள் இன்றைக்கும் மலையைச் சுற்றிக்கொண்டுதான் தண்ணீருக்குப் போகின்றன. படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே என்று உன்னிடம் ஓயாமல் சொல்வேனே, அது அந்த மாடுகளிடம் கற்றது.

ரேவதிக்காக ஏரோட்ரோம் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். தெரிந்ததாக நாம் நினைத்துக்கொண்டிருந்த கதை. வெள்ளைக்காரன் காலத்து யுத்தத்தின்போது பட்டாளத்துக்காரர்கள் வந்து இங்கே விமானம் இறங்க ஓர் ஓடுபாதை போட்டார்கள். ஜல்லியும் கிராவலும் தலையில் சுமந்து கொட்டியதெல்லாம் சுற்றுப்பட்டு ஊர்க் கூலி ஜனங்கள். என் தாத்தா அவர்களுக்கு மேஸ்திரி. சொந்தமாக ஒரு பிடி மண் இல்லாத மனிதர். யுத்தம் முடிந்து பட்டாளம் போனபின், ஓடுபாதையின் கிழக்குக் கோடியில் மிச்சமிருந்த இடத்தைத் திருத்தி, அலைந்து திரிந்து பட்டா வாங்கினார். அதுதான் நம் கேணிமேட்டுக் கொல்லை. "முள்ளுக் காடுடா அது. என் கையால திருத்துனேன்" என்று அவர் சொல்லச் சொல்லக் கேட்டு நாங்கள் வளர்ந்தோம். அவருக்குப் பிறகு என் அப்பாவுக்கு வந்தது. எனக்கு அண்ணன் தம்பி இல்லாததால் எனக்கு வந்தது. உன் நைனா என்னைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கே வந்துவிட்டார்.

பட்டாளம் விட்டுப்போன ஓடுபாதையை அப்புறம் சர்க்கார் எடுத்துத் தார் போட்டது. ஒரு சின்னக் கட்டடம், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்ட ஒரு கம்பத்தில் துணிப்பை, ஒரு வாட்ச்மேன். எப்போதாவது ஒரு மந்திரி வருவார். மற்ற நாளெல்லாம் அது எங்களுடையதுதான். கடலை காயவைத்தோம், கேழ்வரகு அடித்தோம், மிளகாய் பரப்பினோம். மந்திரி வருகிற அன்றைக்கு வாட்ச்மேன் சைக்கிளில் வந்து மணி அடித்தால் ஊரே ஓடிப்போய் வாரிக்கொண்டு வரும். வேலி வந்த பிறகும் வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட, நீ பைக் ஓட்டப் பழகியதும் அங்கேதான். இப்போது கண்ணாடிக் கதவு போட்டிருக்கிறார்கள், உள்ளே ஏசி. அந்த வாட்ச்மேனின் மகன் டில்லி இன்றைக்கு அதே கேட்டில் நிற்கிறான். விமானத்தில் ஏற வந்தவர்களை விட வேடிக்கை பார்க்க வந்தவர்களைத்தான் அவன் அதிகம் விரட்டுகிறான்.

போன வருஷம் கடலை பிடுங்கி முடித்த நேரத்தில் கொல்லையில் மஞ்சள் பெயின்ட் அடித்த சர்வே கல் ஒன்று முளைத்திருந்தது. யார் நட்டார்கள், எப்போது நட்டார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. பக்கத்துக் கொல்லைக்காரரைக் கேட்டால், "எனக்கு இன்னா தெரியும்" என்று வேறு பக்கம் பார்த்தார். தெரியாதவன் அப்படிப் பார்க்க மாட்டான். அப்புறம் வெள்ளைக் கார்கள் வந்தன. நிலம் விலைக்கு வருமா என்று திருப்பதியிலிருந்து ஒருவர், மெட்ராஸிலிருந்து ஒருவர், தண்ணீர் கேட்கிற சாக்கில் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்கள். மேலே வண்டு மாதிரி ட்ரோன் ஒன்று பறந்தது. நான் கொடியில் போட்டிருந்த புடவையை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். உன் நைனாவுக்கு அதில் சிரிப்பு. எதற்குத்தான் அவருக்குச் சிரிப்பு வராது?

இந்தச் சமயத்தில்தான் உன் கல்யாணப் பேச்சு வந்தது. நாங்கள் தேடிப் போகவில்லை. புத்தூர்ப் பக்கமிருந்து அவர்களாகவே தரகர் மூலம் சொல்லி அனுப்பினார்கள். பெண்ணின் அப்பா மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் ஃபிட்டர், பெயர் முனிரத்தினம், ஒரே பெண், பட்டப்படிப்பு. உனக்கு போட்டோ அனுப்பினோம். நீங்கள் இருவரும் போனில் பேசினீர்கள். உன் குரலே மாறிவிட்டது. எனக்கும் ரேவதியைப் பிடித்தது. முதல் முறை அவர்கள் வீட்டுக்குப் போனபோது, காபி நன்றாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு முன்னால், "சக்கரை கம்மிதான், நாந்தான் மறந்துட்டேன்" என்று சொன்ன பெண் அவள். வாயால் கெடுத்துக்கொள்கிறவர்களை நான் நம்புவேன்.

அவர்கள் நம் வீடு பார்க்க வந்த அன்றுதான் எனக்குப் பொறி தட்டியது. மற்றவர்கள் மாப்பிள்ளைக்கு எங்கே வேலை, என்ன சம்பளம் என்று கேட்பார்கள். முனிரத்தினம் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்து, சொம்பைக் கீழே வைப்பதற்குள் கேட்டார்: "உங்க கொல்லி ரன்வே முடியற இடத்துல, கெழக்கால தானே கீது?" உன் நைனா உற்சாகமாகி, "ஆமாண்ணா, வாங்க காட்றேன்" என்று செருப்பை மாட்டினார். நான் சாப்பாடு ஆறிவிடும் என்று தடுத்துவிட்டேன். சாப்பிடும்போது அவர் கண் ஜன்னல் பக்கமே இருந்தது.

அன்று ராத்திரியே உன் நைனாவிடம் சொன்னேன். "பொண்ண குடுக்க வந்தவரு கொல்லி எந்தப் பக்கம்னு எதுக்குக் கேக்கணும்? கல்லு நட்டாச்சு, சர்க்கார் பணம் வரும்னு தெரிஞ்சிதான் வந்துகீறாரு." உன் நைனா, "கேட்டா இன்னாடி? ஊர்ல ஏர்போர்ட்டு கீதேன்னு ஆசையா கேட்டுருப்பாரு" என்றார். எனக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் டில்லியைக் கேட்டில் பிடித்து, அவர்கள் வந்த அன்று எடுத்த போட்டோவில் முனிரத்தினத்தைக் காட்டினேன்.

அவன் பார்த்ததுமே, "இந்தப் பெரியவரா? தெரியுமே. பஸ்ல வந்து எறங்குவாரு. வேலியப் புடிச்சிகினு உங்க கொல்லிப் பக்கமா பாத்துகினு நிப்பாரு. கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிடுவாரு" என்றான்.

"எப்பலேர்ந்து?"

"ரொம்ப வருசமாக்கா. ஏரோப்ளேன் பாக்கத்தான் வராருன்னு நெனச்சேன். ஆனா ப்ளேன் வர்ற அன்னிக்கி ஒரு நாளும் வந்ததில்ல."

லோகு, சந்தேகம் பிடித்த மனசு எப்படி வேலை செய்யும் என்று பார். கல் நட்டது போன வருஷம். அவர் பல வருஷமாக வருகிறார் என்றால், கல்லுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்றுதானே தோன்ற வேண்டும்? எனக்கு, பல வருஷத் திட்டமா என்று தோன்றியது. பெண் பிறந்ததிலிருந்தே கணக்குப் போட்டிருக்கிறான் மனுஷன் என்று நினைத்தேன். தரகரைக் கூப்பிட்டு, ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நம் வீட்டில் யாருக்கு ஜாதகம் பார்த்தோம்? உனக்கே அது பொய் என்று தெரிந்தது. "இன்னாமா காரணம்? ஒண்ணே ஒண்ணு நெஜமா சொல்லு" என்று கேட்டாய். நான் சொல்லவில்லை. நீ எனக்குப் போன் செய்வதை நிறுத்தினாய். நைனாவுக்கு மட்டும் பேசினாய், அவர் போனை என் பக்கம் நீட்டினால் நீ வைத்துவிடுவாய். ரேவதி, நீ அந்த நாட்களில் எப்படி இருந்தாய் என்று எனக்குத் தெரியாது. லோகுவிடம் மட்டும் சொல்லியிருப்பாய். உன்னை எனக்குப் பிடிக்காமல் அதைச் செய்யவில்லை என்பதை மட்டும் இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

ஒருநாள் காலையில் டில்லி கொல்லை வரப்பு வரைக்கும் ஓடி வந்தான். "அக்கா, அந்தப் பெரியவரு இன்னிக்கி வேலிக்கிட்ட நிக்கல. உங்க கொல்லிக்கு உள்ளயே போய்க்கினு கீறாரு." களைக்கொட்டு கையிலிருந்தது. அதை வைக்கக்கூடத் தோன்றாமல் நடந்தேன். கொல்லையின் மூலையில் பாழுங்கிணறு இருக்கிறதே, சீமைக்கருவேல் மூடிக் கிடக்குமே, நீ கிட்டே போகாதே என்று நான் கத்துகிற இடம், அங்கே முனிரத்தினம் முள்ளை ஒதுக்கிக்கொண்டு குந்தியிருந்தார். வெள்ளைச் சட்டையில் முள் கிழித்த கோடு. கை எல்லாம் கீறல்.

"இன்னாண்ணா, அடுத்தவங்க கொல்லில கேக்காம வந்து இன்னா பண்றீங்க?" என்றேன். குரல் எனக்கே பிடிக்காத மாதிரி வந்தது.

அவர் திடுக்கிட்டு எழுந்தார். களைக்கொட்டைப் பார்த்தார். "தப்புதாம்மா. கேட்டுட்டு வந்துருக்கணும். சம்பந்தம்தான் இல்லன்னு ஆயிப்போச்சே, இனிமே இங்க வர்றதுக்கு சாக்கு கெடையாது, ஒருவாட்டி கிட்டத்துல பாத்துட்டுப் போயிடலாம்னு வந்தேன்."

"பாக்கறதுக்கு இங்க இன்னா கீது? பாழுங்கெணறு."

"வடக்கால படி இருக்கணுமே," என்றார். "மண்ணு மூடிகினு கீது போல."

அந்தப் படி மூடிப் போய் எத்தனையோ காலம். உன் நைனா கூடப் பார்த்ததில்லை. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பார்த்தது.

"படில ஒரு கல்லுல மீனு செதுக்கியிருக்கும். வாலு கொஞ்சம் ஒடைஞ்ச மீனு. எங்க நைனா சின்னப் புள்ளையில அதுமேல உக்காந்துதான் குளிப்பாராம்" என்றார்.

அந்த மீன் மேல்தான் நான் பாவாடையை அடித்துத் துவைத்திருக்கிறேன். அதன் உடைந்த வால் இன்றைக்கும் என் உள்ளங்கைக்குத் தெரியும். இது அவருக்குத் தெரிய வேண்டுமானால் அவர் ஆட்கள் இந்தக் கிணற்றில் இறங்கியிருக்க வேண்டும். நான் களைக்கொட்டைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தேன். அவர் எதிரே தள்ளி உட்கார்ந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

கேணிமேடு என்பது கொல்லையின் பெயர் இல்லையாம். ஊரின் பெயராம். இந்தக் கிணற்றைச் சுற்றி வீடுகள் இருந்தன, ஒரு பிள்ளையார் இருந்தார், கேழ்வரகு விளைகிற நிலம் இருந்தது. பட்டாளத்துக்காரர்கள் வந்து, யுத்தம் முடிந்ததும் திரும்ப வந்துவிடலாம், இப்போதைக்குப் போங்கள் என்று சொன்னார்கள். சட்டி பானையை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போனார்கள். முனிரத்தினத்தின் தாத்தா புத்தூர்ப் பக்கம் போய்க் கூலிவேலை செய்தார். யுத்தம் முடிந்தது என்று கேள்விப்பட்டு, மகனையும் கூட்டிக்கொண்டு நடந்தே திரும்பி வந்தார். வீடுகள் இருந்த இடத்தில் ஓடுபாதை இருந்தது. கிணற்றடியில் ஏர் கட்டிக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார்.

"அது உங்க தாத்தா" என்றார் முனிரத்தினம். "நல்லபடியாத்தான் பேசுனாராம். அதச் சொல்லாம விடக் கூடாது. உக்கார வச்சி, கேவுரு களியும் கருவாட்டுக் கொழம்பும் போட்டாராம். துன்னுட்டு கை கழுவிகினு எழுந்துக்கும்போது, 'இதெல்லாம் முள்ளுக் காடாக் கெடந்துது. நாந்தான் திருத்துனேன்'னு சொன்னாராம். எங்க தாத்தா எங்க நைனா கையப் புடிச்சிகினு திரும்பிட்டாராம். அந்த வாட்டி நடந்து வந்ததுதான். அப்புறம் அவரு வரல. எங்க நைனா மட்டும் சாவுறவரைக்கும் மீனு, மீனுன்னு சொல்லிகினு இருந்தாரு."

என் தாத்தா வீடுகளை இடித்த கூலிக்கூட்டத்துக்கு மேஸ்திரி. அங்கே காடு இருந்ததா ஊர் இருந்ததா என்று அவரை விட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இருக்க முடியாது. வாழ்நாள் எல்லாம் கைகட்டி நின்ற மனிதருக்கு ஒரு துண்டு நிலம் கிடைத்தது. அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. நான் அவரைத் திட்டமாட்டேன், திட்ட எனக்கு என்ன இருக்கிறது? அந்தக் கடலையைத் தின்றுதான் நான் வளர்ந்தேன், அந்தக் கடலையை விற்றுத்தான் உன்னைப் படிக்க வைத்தேன். ஆனால் ஊரெல்லாம் சந்தேகப்பட்ட நான், வண்டிக்காரனை, கம்பெனிக்காரனை, பக்கத்துக் கொல்லைக்காரரை எல்லாம் சந்தேகப்பட்ட நான், 'முள்ளுக் காட்டைத் திருத்தினேன்' என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை. முள்ளுக் காட்டுக்கு நடுவே படி கட்டி, மீன் செதுக்கிய கிணறு எப்படி வரும் என்று துவைக்கிற கல்மேல் உட்கார்ந்துகொண்டு நான் கேட்கவே இல்லை, லோகு.

அப்போதும் நான் லேசில் விடவில்லை. நேராகவே கேட்டேன். "சரிண்ணா. அப்ப இந்தக் கொல்லி மேல கண்ணு வச்சிதானே பொண்ண குடுக்க வந்தீங்க?"

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கையில் ஏறியிருந்த ஒரு முள்ளைப் பிடுங்கிப் போட்டார். "பொய் சொல்ல மாட்டேம்மா. இந்த ஊர்ல வரன் கீதுன்னு தரகர் சொன்னப்ப பையன் இன்னா வேலைன்னு நான் கேக்கல. யாரு வூட்டுப் பையன்னுதான் கேட்டேன். உங்க தாத்தா பேரச் சொன்னாரு. எம்பொண்ணு அந்த மண்ணுல நடந்தா நல்லாருக்குமேன்னு மனசு சொல்லிச்சு. அது ஆசையா கணக்கான்னு கேட்டா எனக்கே தெரியல. ஆனா கொல்லிய வாங்கணும்னு வரல. சர்க்கார் எடுத்துகினு போறதுக்குள்ள ஒருவாட்டி கிட்டத்துல பாத்துடணும்னுதான் அன்னிக்கி அவசரமா கேட்டேன். அதான் உங்களுக்குத் தப்பாப் பட்டுச்சு."

ரேவதி, உன் நைனா என்னிடம் சொன்னது இவ்வளவுதான். ஒரு எழுத்துக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நீ அவரைக் கேட்டால் ஆசை என்று மட்டும் சொல்வார், கணக்கு என்ற வார்த்தையை விழுங்கிவிடுவார். எனக்கு அந்த வார்த்தைதான் பிடித்தது. நான் நல்லவன் என்று அவர் சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். எனக்கே தெரியவில்லை என்றார். நான் எழுந்து, "ஜாதகம் பொருந்தலன்னு சொன்னது பொய்யிண்ணா. வாங்க, வூட்ல வந்து சாப்டுட்டுப் போங்க" என்றேன். அவர் ஒரு நிமிஷம் தயங்கினார். எதை நினைத்துத் தயங்கினார் என்று எனக்குப் புரிந்தது. "சோறு போட்டு அனுப்பறதுக்குக் கூப்புடல. தேதி குறிக்கக் கூப்புடறேன்" என்றேன். வந்தார்.

வைகாசியில் நாராயணவனத்தில் உங்கள் கல்யாணம் எப்படி நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அதற்கு முன்னால் அவர் என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டார், பசங்களுக்கு இந்தக் கதையெல்லாம் வேண்டாம், புதுசாக வாழப் போகிறார்கள் என்று. நானும் சரி என்றேன். இப்போது அந்த வார்த்தையை மீறுகிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் பூனாவுக்குப் போன பிறகு ரன்வே நீட்டுவதைப் பற்றி ஸ்கூலில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். கிழக்குக் கோடிக் கொல்லைக்காரர்கள் எல்லோரும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டுமாம். சம்பந்தியையும் வரச் சொல்லியிருந்தேன். அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அதிகாரி தெலுங்கில் படித்தார்: இது ஆதியில் முள்ளுக் காடாகக் கிடந்த தரிசு, யுத்த காலத்தில் ஓடுபாதை ஆனது, இப்போது ஊருக்கு முன்னேற்றம் வரப்போகிறது என்று. என் தாத்தாவின் வார்த்தை அவர் வாயிலிருந்து வருவதைக் கேட்டதும் நான் எழுந்துவிட்டேன். எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன்: காடு இல்லை சார், கேணிமேடு என்று ஓர் ஊர் இருந்தது, திரும்ப வரலாம் என்று சொல்லி அனுப்பினார்கள், யாரையும் வரவிடவில்லை, முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள், அப்புறம் என் கையெழுத்தைப் பேசலாம்.

"அவன்னீ இப்புடெந்துக்கம்மா?" என்றார் அவர். அதெல்லாம் இப்போது எதற்காம். பக்கத்துக் கொல்லைக்காரர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இவ கொல்லிக்கு மட்டும் தனியா எங்கேயோ வெல பேசி முடிச்சிட்டாங்க, அதான் புதுசா ஊரு கட்டறா" என்றார். சிலர் சிரித்தார்கள். சிலர் என்னை நான் மற்றவர்களைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார்கள். அந்தப் பார்வை எப்படியிருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. வெயில் காலத்தில் தார் ரோட்டில் செருப்பில்லாமல் நிற்கிற மாதிரி இருந்தது. நம் சம்பந்தி எழுந்து இரண்டு வார்த்தை சொல்வார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் வாயைத் திறக்கவே இல்லை. வெளியே வந்ததும் கேட்டேன், "இன்னாண்ணா, நான் மட்டும் ஏச்சு வாங்கணுமா?"

"நான் எழுந்து பேசுனா, பொண்ண குடுத்து கொல்லிய கேக்க வந்துட்டான்னுவாங்கமா. நீங்களே மொதல்ல அப்டித்தானே நெனச்சீங்க" என்றார். "எங்க ஊரு பேர ஒரு ஆபீசர் காதுல விழறமாதிரி ஒருத்தரு சொல்லி நான் கேட்டதேயில்ல. போதும்."

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்து உன் நைனாவிடம் சொன்னேன். நீங்கள் ஆடிக் கிருத்திகைக்கு வரும்போது ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போய்க் கேணிமேட்டுக் கொல்லையை உங்கள் இரண்டு பேர் பேரிலும் எழுதிவிடப் போகிறேன். உன் பேரில் மட்டும் இல்லை, ரேவதி பேரிலும், சரிபாதி. சர்க்கார் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அந்தக் கிணறு யாருடையது என்று எழுதியிருக்கிற காகிதத்தில் முனிரத்தினம் மகள் ரேவதி என்று இருக்கட்டும். நைனா ஒருமுறை கூடச் சிரிக்கவில்லை. "உனக்கு இன்னாடி ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். அப்புறம், "சரி, எழுது" என்றார்.

இதை எழுதி முடிக்கிற இந்த நேரத்தில் கூட எனக்குள் ஒரு குரல் கேட்கிறது, லோகு. கூட்டத்தில் அவர் பேசாமல் இருந்தாரே, பேசியிருந்தால் நான் இப்படி எழுதிக் கொடுக்கத் துணிந்திருப்பேனா? வேலியைப் பிடித்துக்கொண்டு அத்தனை வருஷம் பொறுமையாக நின்றவருக்கு, ஒரு கூட்டத்தில் பொறுமையாக உட்காரத் தெரியாதா? நான் இதைத்தான் செய்வேன் என்று அந்த மனுஷன் முன்னாலேயே கணக்குப் போட்டாரா? போட்டிருக்கலாம். எனக்குத் தெரியாது. அவருக்கே தெரியாது என்பதை அவர்தான் சொல்லிவிட்டாரே. சந்தேகம் தீர்ந்த பிறகு கொடுக்கலாம் என்று இருந்தால் நான் எதையும் யாருக்கும் கொடுத்திருக்க மாட்டேன். அதனால் சந்தேகத்தையும் கூட வைத்துக்கொண்டே கொடுக்கிறேன்.

சம்மதக் காகிதத்தில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இனிமேல் போடுவதா, கூடாதா என்று உங்கள் இருவரையும் கேட்காமல் போட மாட்டேன். கிருத்திகைக்கு வாருங்கள், நேரில் பேசலாம். ரயிலில் வாருங்கள். ரேவதி, நீ என்ன சொல்கிறாயோ அதை முதலில் கேட்பேன். கேட்டுவிட்டு நம்புவேனா என்று மட்டும் இப்போதே சொல்ல முடியாது.

உன் அம்மா